ஒரே பொந்தில் இரண்டு குடித்தனம்

முதுகில் ஒரு கோடுகூட இல்லாத ஒன்றை எப்படி அணில் என்று ஒப்புக்கொள்வது என்று ஆவுடையப்பன் முரண்டு பிடித்துக்கொண்டிருக்கும்போதே அது பொந்தை விட்டு வெளியே வந்து, பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கைகளை வயிற்றின்மேல் மடித்துக்கொண்டு, பந்திக்கு யாரும் கூப்பிடாத சம்பந்தியைப் போல அவரை முறைத்தது. முறைக்கட்டும். அவரையும்தான் இன்னும் யாரும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குப் பக்கவாட்டில் கிடந்த பெஞ்சில் அவரை உட்காரவைத்து, "அப்பா, இங்கனயே இருங்க, நான் உள்ள போய்ப் பதிஞ்சிட்டு வந்துருதேன், எங்கயும் எந்திரிச்சுப் போயிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் மகள் கோமதி. "நா எங்கட்டி போவேன், கடைசிப் பெட்டியில உக்காந்தவன், வண்டி போற பக்கம்தான போவேன்" என்று அவர் சொன்னார். கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவர் சொல்லக்கூடிய பேச்சுதான். அவள் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் சிரிப்பாள், இல்லையென்றால் சிரிப்பை அடக்கிக்கொண்டு "போதும்பா" என்பாள். இப்போது கொஞ்ச நாளாக அவர் எதைச் சொன்னாலும் முதலில் அவர் கண்ணைப் பார்க்கிறாள், அதற்குப் பிறகுதான் சொன்ன விஷயத்துக்கு வருகிறாள். கள்ள நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற கடைக்காரன் பார்வை. சரி, இன்றைக்கு உள்ளே ஒரு டாக்டரம்மாவும் பார்க்கப்போகிறாள், ஞாபகம் எந்த மட்டில் இருக்கிறது என்று. கடிகாரம் வரையச் சொல்வார்களாம். படம் காட்டி இது என்ன மிருகம் என்பார்களாம். இரண்டு பொருளைச் சொல்லி இரண்டுக்கும் என்ன ஒற்றுமை என்று கேட்பார்களாம். தேறினால் ஐப்பசியில் அவர் சங்கரன்கோவிலுக்குக் கிளம்பலாம், தன் வீட்டைத் தன் சாவியால் திறந்து, தன் கட்டிலில் காலை நீட்டிப் படுக்கலாம். தேறாவிட்டால் இங்கேதான், இந்தக் கலிபோர்னியாவில், மகள் வீட்டு மாடியறையில், கடைசி வரைக்கும். அப்படி யாரும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. "தனியா எப்படிப்பா விடுறது" என்று மட்டும்தான் கோமதி சொன்னாள். அதற்குள் எல்லாம் இருக்கிறது. பூட்டு, சாவி, வீடு, ஊர், எல்லாம்.

அணில் சட்டென்று ஒரு விசில் கொடுத்தது. விசில்தான், கீச்சுச் சத்தம் இல்லை, கூர்மையான ஒற்றை விசில், ஆவுடையப்பனின் வலது கை முழங்காலிலிருந்து தானாக எழும்பிப் பச்சைக்கொடியைத் தேடிற்று. கொடி இல்லை. கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, அவமானப்பட்டு, தலையைச் சொறிவதுபோல் நடித்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தது. யாராவது பார்த்தார்களா? கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து கோமதி பார்த்திருப்பாளா? பார்த்தால் இதையும் சேர்த்துச் சொல்வாள், கை காரணமில்லாமல் எழும்புகிறது என்று. அணில் அலட்டிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குன்று முழுக்கக் காய்ந்த புல், சிங்கத்தின் முதுகு மாதிரி மஞ்சள், அந்த முதுகு நெடுகப் பொந்துகள், பொந்துக்குப் பொந்து ஓர் அணில். வேலியில் ஒரு போர்டு. போர்டில் அணில் இல்லை. அணிலை யார் எழுதி வைப்பார்கள். போர்டில் இருப்பது கறுப்பு உடம்பில் மஞ்சள் பொட்டு வைத்த, அரணை மாதிரியான ஒன்று. அழிவின் விளிம்பில் இருக்கிறது, உள்ளே நுழையாதே, தொடாதே, மீறினால் தண்டனை என்று ரயில்வே இங்கிலீஷிலேயே எழுதியிருந்ததால் அவரால் தடங்கலில்லாமல் வாசிக்க முடிந்தது. பெயர் சாலமாண்டர். சாலமாண்டர்! ஆங்கிலோ இந்திய டிரைவர் பெயர் மாதிரி அல்லவா இருக்கிறது. செங்கோட்டை ஷெட்டில் ஒருத்தர் இருந்தாரே, டிரைவர் சாலமாண்டர், எரிகிற கரிக்கு நடுவே வெறுங்கையை விட்டு வெந்த முட்டையை எடுத்துத் தின்பார், ஒரு ரோமம் கருகாது, வெள்ளைக்காரன் காலத்துக் கொதிகலன் ஒன்று அவர் திட்டினால்தான் கொதிக்கும். ஆவுடையப்பனுக்கு முகம் மலர்ந்தது. நல்ல ஆள். ஊருக்குப் போனதும் டீக்கடையில் இவரை ஒரு கதையாக இறக்கிவிட வேண்டியதுதான், ஒரு வாரத்துக்குத் தாங்கும். அவருக்கு மீசையில் இடது பக்கம் மட்டும் நரைத்திருக்கும், சிரித்தால் அந்தப் பக்கம் தனியாக மேலே போகும். அங்கேதான் மனம் தட்டி நின்றது. இந்த ஆளை இப்போதுதானே, இந்த பெஞ்சில், போர்டைப் பார்த்து உண்டாக்கினோம்? மீசை எங்கிருந்து வந்தது? நாம் வைத்தோமா, ஏற்கெனவே இருந்ததா? ஷெட் வாசலில் எண்ணெய்க் கறையோடு நின்று "என்ன கார்டு, சாப்டாச்சா" என்று கேட்ட ஒரு மனுஷனுக்கு அப்படி ஒரு பாதி நரைத்த மீசை இருந்ததுதானே? இருந்ததா? முன்பெல்லாம் நடந்தது ஒரு தண்டவாளம், கதை ஒரு தண்டவாளம். பக்கத்துப் பக்கத்திலேயே ஓடும், ஒட்டாது, இரண்டிலும் கால் வைத்து நடக்கத் தெரிந்தவர் அவர். இப்போது எங்கேயோ பாயிண்ட் மாறிக் கிடக்கிறது. எந்த ஸ்டேஷனில் என்று தெரியவில்லை.

வேண்டாம், அதைத் தொடாதே. பரீட்சைக்குப் படி. "ரயில், சைக்கிள்" என்று நேற்றுச் சாயங்காலம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கோமதி பயிற்சி கொடுத்தாள். "ரெண்டுக்கும் என்னப்பா ஒத்துமை?" "ரெண்டுலயும் பின்னால உக்காந்து வாறவனுக்கு மரியாதை கெடையாது." "அப்பா." "சரி சரி, ரெண்டுலயும் செயின் இருக்கு. ஒண்ணுல இழுத்தா நிக்கும், ஒண்ணுல அறுந்தா நிக்கும்." மாப்பிள்ளை அடுத்த அறையில் களுக்கென்று சிரித்தது கேட்டது. கோமதி கத்தியைக் கீழே வைத்தாள். "விளையாடாதீங்கப்பா. வாகனம்னு சொல்லணும். ஒத்த வார்த்தை. அதச் சொன்னாத்தான் மார்க்." ஒற்றை வார்த்தை! செயின் பதில் எவ்வளவு நல்ல பதில், அதற்கு மார்க் கிடையாதாம். சரி, இதைப் பார்ப்போம். அணில், சாலமாண்டர். என்ன ஒற்றுமை? பிராணி. முடிந்தது, ஒற்றை வார்த்தை, முழு மார்க். ஆனால் மனம் அதோடு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, பள்ளிக்கூடத்தில் நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எழுதச் சொல்வார்களே, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இது நிற்கும், அது படுக்கும். இது வெயிலுக்குப் பிறந்தது, அது ஈரத்துக்கு. இதற்கு மூக்கு ஓயாமல் துடிக்கிறது, யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே இருக்கிற மாதிரி. அதற்கு அகலமான வாய், சிரித்த வாக்கிலேயே அமைந்த வாய், பசித்தாலும் சிரிப்பு, செத்தாலும் சிரிப்பு, உள்ளே என்ன நடக்கிறது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. இது குன்று நிறைய இருக்கிறது, அது போர்டில் மட்டும் இருக்கிறது. இதை ஒருவன் அடித்தால் இன்னொருவன் திரும்பிப் பார்க்க மாட்டான், அதைத் தொட்டால் கோர்ட். அரணை என்றுதான் அவர் முதலில் நினைத்தார். அரணை கடிக்க வருமாம், பாதி தூரம் வந்ததும் எதற்காக வந்தோம் என்பது மறந்து நின்றுவிடுமாம், தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடுமாம். சின்ன வயசில் எத்தனை அரணையைத் துரத்தியிருக்கிறோம் அந்தத் தைரியத்தில். அதற்கு மறதி என்று யார் கண்டுபிடித்தது? அதை பெஞ்சில் உட்காரவைத்துக் கடிகாரம் வரையச் சொன்னார்களா? கடிக்கப் பிடிக்காமல் திரும்பிப்போனதாக ஏன் இருக்கக்கூடாது?

அரணை இல்லை என்று சொன்னது ஞானேஸ்வரி. யாழ்ப்பாணத்து அம்மா. இதே குன்று நீண்டு கோமதி வீட்டின் பின்பக்கம் வரைக்கும் வருகிறது. கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு காலையில் அவர் வேலியோரம் நடக்கும்போது, ஓலைத்தொப்பி வைத்துக்கொண்டு வேலிக்கு உள்ளே எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. இந்தப் பிராணிகளைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொள்கிற கூட்டத்தில் ஒருவர். வேலியில் இருந்த படத்தைப் பார்த்து இவர் "அரணை" என்று முணுமுணுத்த தமிழ்ச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தார். "அரணை இல்லை ஐயா, உது தவளையின்ர இனம். வால் விழாத தவளை எண்டு வையுங்கோவன்." கடிக்குமா என்று இவர் கேட்டார். "உவர் ஆரைக் கடிக்கப் போறார்? வருசம் முழுக்க நிலத்துக்குக் கீழதான். மழை துவங்கேக்க மட்டும் வெளியில வந்து குளத்துக்கு நடப்பார்." வீடு? "வீடு அணில் தோண்டினது. உவர் ஒரு சாண்கூடத் தோண்டமாட்டார். அணிலின்ர பொந்துக்குள்ள போய்ப் படுத்திடுவார்." "வாடகை?" என்றார் ஆவுடையப்பன். அந்த அம்மா தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவரை ஒரு நிமிஷம் பார்த்தார், தன் இனத்தைக் கண்டுகொண்ட பார்வை. "வாடகை இல்லாமலோ? உவர் குடியிருக்கிற இடத்தில அணிலுக்கு நஞ்சு வைக்க ஏலாது. வேற இடத்தில எல்லாம் வைச்சுக் கொல்லுறாங்கள். அதுதான் வாடகை." ஆவுடையப்பன் சொக்கிப்போனார். அதற்கும் மேலே ஒன்று சொன்னாரே அந்த அம்மா, அதுதான் வினையாகப் போயிற்று. "அணிலார் லேசுப்பட்ட ஆளில்லை. பாம்புச் செட்டை கிடந்தால் எடுத்துச் சப்பி, உடம்பு முழுக்க நக்கிப் பூசிப்போட்டுத்தான் படுப்பார். மணத்தில பாம்பே ஏமாந்துபோகும்." "செட்டையா?" "ஓம், செட்டை." சங்கரன்கோவில் பக்கம் செட்டை என்றால் இறக்கை. கோழிக்குச் செட்டை உண்டு, கொக்குக்கு உண்டு. பாம்புக்கு! இந்த வயசில் இப்படி ஒன்றை இமை தட்டாமல் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. பறக்கிற பாம்பு, அது உதிர்த்த இறக்கை, அதைப் பொறுக்கி மெல்லுகிற அணில். அவருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கதைக்காரன் இன்னொரு கதைக்காரரைக் குறுக்கே மறித்துக் கேட்பது மரியாதையில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அதை எடுத்து வைத்தார். ஒரு சொல் கூட்டவில்லை, அதுதான் வேடிக்கை, வாழ்நாளிலேயே கேட்டதைக் கேட்டபடி அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான் இருக்கும். "பாம்புச் செட்டைய மென்னு மேலெல்லாம் பூசிக்கிடுமாம் அணிலு." "பாம்புக்கு ஏதுப்பா செட்டை?" "இருக்காம். இங்கத்திப் பாம்புக்கு இருக்கும்போல." "யாரு சொன்னா?" "ஞானேஸ்வரின்னு ஒரு அம்மா. வேலிக்கு அந்தப் பக்கம் நிப்பா." கோமதி புருஷனைப் பார்த்தாள். அவர்கள் இத்தனை வருஷமாக அங்கே குடியிருக்கிறார்கள், குன்றில் தமிழ் பேசுகிற எந்த அம்மாவையும் பார்த்ததில்லை. மாப்பிள்ளை தயிரைப் பிசைந்துகொண்டே, ரொம்ப மரியாதையாக, "மாமா, ராத்திரி தூக்கமெல்லாம் நல்லா வருதா?" என்று கேட்டார். அந்த மரியாதைதான் ஆவுடையப்பனுக்கு உறைத்தது. மறுநாள் கோமதி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். பாம்புச் செட்டையில் வந்த வினை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஆனால் அவருக்குத் தெரியும், செட்டை பிற்பாடு வந்தது. முதலில் வந்தது காப்பி. இந்த இடத்துக்கு மனம் வரும்போதெல்லாம் பெஞ்சு கொஞ்சம் சரிந்த மாதிரி இருக்கும், இப்போதும் இருந்தது, கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டார். காப்பி. விடிந்து வெளிச்சம் வந்தாயிற்று, அடுப்பங்கரையில் கோமதி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். இவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார், வந்து, "அம்மாவுக்குக் குடுத்துட்டியாட்டி?" என்று கேட்டார். அவர் மனைவி பிரமநாயகிக்கு வருஷத் திவசம்கூட முடிந்தாயிற்று. கோமதியின் கையில் உயரத்தில் இருந்த டம்ளர் உயரத்திலேயே நின்றது. காப்பி மட்டும் நிற்காமல் கீழே வந்து விளிம்பில் தட்டிச் சிந்தியது. அவள் முகத்தைப் பார்த்தார். உடனே சிரித்தார். "சும்மாட்டி, ஒன்னயப் பயங்காட்டுததுக்குச் சொன்னேன்." அவர் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். பிரமு உயிரோடு இருந்தபோதே, எதிரில் நிற்கிறவளைப் பார்த்து, "இந்த வீட்டுக்காரி எங்க போயிட்டா, கொஞ்சம் கூப்பிடு தாயி" என்று சொல்லித் திட்டு வாங்கியவர்தான். ஆகவே விளையாட்டாக இருக்கலாம். ஆனால் சிரித்தது அவள் முகத்தைப் பார்த்த பிறகா, பார்ப்பதற்கு முன்பா? கேள்வியைக் கேட்டபோது அவர் பிரமுவை எங்கே வைத்திருந்தார், படத்திலா, கட்டிலிலா? படியிறங்கினது ஞாபகம் இருக்கிறது, காப்பி வாசனை ஞாபகம் இருக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை. ஆரியங்காவுக் குகையில் வண்டி நுழைந்தால் எஞ்சின் அந்தப் பக்கம் வெளிச்சத்துக்குப் போய்விட்டிருக்கும், கூவும், மரங்கள் பதில் கூவும். கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தவனுக்கு இன்னும் இருட்டுத்தான், புகை, ஈரப்பாறை, தன் கையே தனக்குத் தெரியாது. அன்றைக்கு வாய் எஞ்சினில் போயிருக்கிறது, அவர் கடைசிப் பெட்டியில் இருந்திருக்கிறார். அவ்வளவுதான் தெரிகிறது. விளையாட்டா, நிஜமா என்று தன்னையே மடக்கி மடக்கிக் கேட்கிறார், தான்தான் பொய்யன், தன்னிடமே எப்படி உண்மை வாங்குவது?

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் அட்டை நெஞ்சில் குத்தியது. கோமதி வைத்தது, அவர் பெயர், அவள் போன் நம்பர், விலாசம். அதுவும் போர்டுதான். தொடாதே, மீறினால் தண்டனை என்று மட்டும் எழுதவில்லை. அவர் எங்கே நடந்தாலும் பின்னால் ஒரு கண் வருகிறது, குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துவிட்டார்கள், அடுப்புக்கு ஏதோ பூட்டு. சாலமாண்டர் வேலிக்குள் இப்படித்தான் இருக்கும்போல. சங்கரன்கோவிலில் அவரைப் போல எத்தனை கிழவன்கள்! பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சு கொள்ளாது. எவனுக்கும் போர்டு கிடையாது. ஒருத்தன் ஒரு நாள் வராவிட்டால் "என்னவே, ஆளையே காணும்" என்பார்கள், இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு வருவார்கள், மூன்றாவது நாள் அந்த இடத்தில் இன்னொருத்தன் உட்கார்ந்திருப்பான். அங்கே அவர் அணில். சாதாரண அணில், குன்று நிறைய இருக்கிற அணில். அதற்குத்தான் ஆசைப்படுகிறார், வேறு எதற்கு? இங்கே பொந்து தோண்டினது கோமதி. பார்த்தாலே தெரியும், காலையில் எழுந்த நிமிஷத்திலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள், நின்றுகொண்டே சாப்பிடுகிறாள், ஆபீஸ் போனில் கைகட்டி நின்று பேசுகிறாள், எங்கேயாவது ஒரு சத்தம் கேட்டால் கழுத்து நீள்கிறது. அவள் தோண்டின பொந்தில் இவர் ஒரு சாண் தோண்டாமல் படுத்திருக்கிறார், சிரித்த வாயோடு. வாடகை என்ன கொடுக்கிறார்? இவர் இருப்பதால் எந்த நஞ்சு அவளை விட்டுத் தள்ளிப்போகிறது? யோசித்துப் பார்த்தார். மாடியில் மாமனார் இருக்கிறார் என்பதால் அவளும் மாப்பிள்ளையும் கத்திச் சண்டை போடுவதில்லை, காருக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போடுகிறார்கள், ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். சின்ன வாடகைதான். அணிலிடம் போய், உனக்கு இவன் குடியிருப்பதில் சம்மதமா என்று யாராவது கேட்டார்களா? சாலமாண்டரிடம்தான் கேட்டார்களா, உனக்குக் குளத்துக்குப் போக வேண்டாமா என்று? மழை துவங்கினதும் நடக்குமாம். எவ்வளவு தூரமோ, ரோடு இருக்கிறது, கார் இருக்கிறது, நசுங்கினாலும் சரி என்று நடக்குமாம். பிறந்த குளத்துக்கு. ஐப்பசியில் ஊரிலும் மழை பிடித்திருக்கும், நடுக்கூடத்து ஓட்டில் அந்த மூலை ஒழுகும், பிரமு அதற்கென்று ஒரு பித்தளைப் போணி வைத்திருந்தாள், இப்போது போணியை யார் வைப்பார்கள், வீடு பாட்டுக்கு நனைந்துகொண்டிருக்கும்.

அணில் இப்போது வேலிக்கு இந்தப் பக்கமே வந்துவிட்டது. முன்னங்கைகளில் எதையோ பிடித்திருந்தது, கருவாட்டுத் தோல் மாதிரி, இல்லை, அதைவிட மெல்லிசு, வெங்காயச் சருகு மாதிரி, வெளிச்சம் அதற்குள் புகுந்து வந்தது. அதை வாயில் திணித்து மென்றது. மென்றுவிட்டு விலாவை நக்கியது, வாலை இழுத்து முன்னால் வைத்து நுனி வரைக்கும் நக்கியது, மறுபடி மென்றது, தலைக்கு எண்ணெய் வைக்கிற அக்கறையோடு. ஆவுடையப்பன் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தார். அந்தச் சருகில் வரிவரியாகச் செதில். கட்டம் கட்டமாகச் செதில். பாம்பு உரித்துப் போட்டது. பாம்புச் சட்டை! அடக் கடவுளே, சட்டை! அந்த அம்மா ஊரில் சட்டைக்குத்தான் செட்டையா! சட்டை என்று சொல்லியிருந்தால் ஒரு வம்பும் இல்லையே. ஒற்றை எழுத்து, ஒரு கொம்பு, அந்தக் கொம்பு மூட்டின சண்டையில் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். உடம்பெல்லாம் குறுகுறுவென்றது. எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது, கோமதி எங்கேயும் எழுந்து போகாதே என்றாள், ஆனால் நிற்காதே என்று சொல்லவில்லை, எழுந்து நின்றார். ஞானேஸ்வரி நிஜம், அணில் நிஜம், சட்டை நிஜம், எல்லாம் நிஜம், எனக்கு ஒன்றும் இல்லை, நான் சரியாகத்தான் இருக்கிறேன், தமிழ்தான் கொஞ்சம் இடறிவிட்டது. சாட்சிக்கு யாராவது? சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வெயிலைப் பார்த்துக் கண்ணை மூடியிருந்தார். அவரை எழுப்பி எந்த மொழியில் என்ன சொல்வது? அதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது, கோமதி வந்தாள், அணில் விசிலடித்துவிட்டுப் பொந்துக்குள் போய்விட்டது, சருகையும் எடுத்துக்கொண்டு.

"ஏன்பா நிக்கீங்க? என்னாச்சு?"

"கோமு, செட்டை இல்லட்டி, சட்டை! பாம்புச் சட்டை! அந்தப் பொம்பளை யாழ்ப்பாணத்துக்காரி, அவ ஊருல சட்டைக்கு அப்படிப் பேரு. இந்தா, இப்பத்தான் இங்கன நின்னு மென்னுட்டுப் போகுது. ஒன் போன்ல பாரு. போட்டுப் பாருங்கேன்!"

அவள் முதலில் அவர் கண்ணைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து நின்றபடியே ஏதோ தட்டினாள். அவள் வாசிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. "ஆமாப்பா" என்றாள். "நெசமாவே போட்டிருக்கு. பாம்பு ஒரிச்ச தோல மென்னு பூசிக்கிடுமாம்." அதற்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளையில் சிரிப்பாளே அப்படிச் சிரித்தாள். "பாம்புக்கு ரெக்கைன்னு சொன்னதும் நாங்க ரெண்டு பேரும் பயந்தே போயிட்டோம்பா. அவரு ராத்திரியெல்லாம் தூங்கல. அய்யோ, சட்டை!" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, சிரிப்பு இன்னும் உதட்டில் இருக்கும்போதே, குரலை மட்டும் இறக்கிக் கேட்டாள். "அப்ப அன்னைக்கி அம்மாவுக்குக் காப்பி கேட்டீங்களே, அதுவும் விளையாட்டுதானப்பா? உள்ள எங்கிட்ட கேக்காங்க, இந்த மாதிரி ஏதும் நடந்துச்சான்னு. நான் ஒண்ணும் சொல்லல, அப்பாட்ட கேட்டுட்டு வாரேன்னு வந்துட்டேன். நீங்க சொல்லுததத்தான் சொல்லப்போறேன்."

வாய்க்குள் பதில் தயாராக இருந்தது. ஒன்றல்ல, வேண்டிய மட்டும் இருந்தது. ஒன்னய ஆழம் பாக்கத்தான் கேட்டேன். ஒங்கம்மாவே கனாவுல வந்து கேக்கச் சொன்னா. எதைச் சொன்னாலும் எடுபடும், அவள் எடுத்துக்கொள்ளத் துடித்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி, சாவி, கதவு, கட்டில். நடுக்கூடம் தாண்டினால் அடுப்பங்கரை. காலையில் எழுந்து அந்த அடுப்பங்கரைக்குப் போகிறார், அம்மாவுக்குக் காப்பி குடுத்தாச்சா என்று கேட்கிறார், அங்கே யாரும் இல்லை, டம்ளரை நிறுத்த ஒரு கை இல்லை, பார்த்து விழித்துக்கொள்ள ஒரு முகம் இல்லை, ஆகவே நின்றுகொண்டே இருக்கிறார், பதிலுக்குக் காத்துக்கொண்டு, வெளிச்சம் போகிற வரைக்கும்.

"தெரியலட்டி" என்றார்.

கோமதி இன்னும் பலமாகச் சிரித்தாள். அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "பாத்தீங்களா, திரும்பவும் ஆரம்பிச்சாச்சு!"

இதோடு விட்டுவிடலாம். அவர் பொய் சொல்லவில்லை, அவள் நம்பவில்லை. உண்மையைச் சொல்லியே ஊருக்குப் போகலாம், இதற்குமேல் ஒரு சாமர்த்தியம் எந்த டீக்கடையிலும் இதுவரை நடந்ததில்லை. உதட்டோரம் சிரிப்பு தானாகக் கூடிக்கொண்டு வந்தது. அவர் அதைப் பிடித்து நிறுத்தினார். முகம் அதற்குப் பழக்கமில்லாமல் வலித்தது.

"இல்ல கோமு. நெசமாவே தெரியல. நானும் நெனச்சு நெனச்சுப் பாக்கேன்."

சிரிப்பு அவள் முகத்தை விட்டு உடனே போகவில்லை. முதலில் கண்ணை விட்டுப் போயிற்று, பிறகு கன்னத்தை விட்டு. உதடு மட்டும் கொஞ்ச நேரம் விவரம் தெரியாமல் விரிந்தே இருந்தது, பிறகு அதுவும் மூடிக்கொண்டது. அவள் அவர் கண்ணைச் சோதிக்கவில்லை. அவர் சொன்னதை, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, மறுவார்த்தை இல்லாமல் நம்பினாள்.

கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, அவர் பெயரை மூன்று துண்டாக உடைத்துக் கூப்பிட்டாள். ஆவுடையப்பன் வேட்டிப் பழக்கத்தில் கால்சட்டையின் இடுப்பை ஒருதரம் இறுக்கிவிட்டுக்கொண்டார்.

"நானும் உள்ள வரட்டாப்பா?"

"வா" என்றார். அதோடு ஒன்றும் சேர்க்கவில்லை.